அரைக் கட்டை ஏறிப்போன ஊர்

மாஸ்டருக்கு விழா எடுக்கிறீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் மண்டபம் பிடித்தாகிவிட்டது, சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, விழா மலர் ஒன்றும் போடுகிறீர்கள். 'இசைக்குழுவோடு வளர்ந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள், இனிமையான நினைவாக இருக்கட்டும்' என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்ததைப் பார்த்தேன். கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள், பூங்கொத்துகள். சரி, எழுதுகிறேன். இனிமையாக வராது, ஒரு பக்கத்தில் அடங்கவும் அடங்காது. வெட்டிப் போடுவதாக இருந்தால் மொத்தமாகப் போடாமலே விட்டுவிடுங்கள்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னை ஞாபகம் இருக்கும். ஒத்திகை நடக்கும்போது மூலையில் உட்கார்ந்து பப்பாளித் தண்டை வாயில் வைத்துக்கொண்டிருந்த வாயாடிப் பெண். குழுவில் முக்கியமான பாட்டெல்லாம் பாடிய அக்காவின் தங்கச்சி. அக்காவை உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் கிள்ளானில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பக்கத்து வீட்டில் ஒரு சீன ஆன்டி. அவர் மகன் பள்ளிக்கூடத்தில் வாசித்துவிட்டுத் தூக்கிப் போட்ட மெலோடிக்கா ஒன்றை எனக்குக் கொடுத்தார். வாயால் ஊதிக்கொண்டே விரலால் வாசிக்கும் சின்ன பியானோ என்று வையுங்கள். நீல நிறம், ஒரு ஓரம் உடைந்திருக்கும். ஊதும் குழாய் இல்லை. நான் கொல்லையிலிருந்து பப்பாளி இலைத் தண்டை வெட்டிச் சொருகிக்கொள்வேன். ஊத ஊத அந்தப் பால் கசப்பு நாக்கில் ஏறும். தண்டு வாடிவிட்டால் புதுத் தண்டு. அம்மா பப்பாளி மரம் மொட்டையாகிறது என்று திட்டுவாள்.

அந்த மெலோடிக்காவை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாட்டைக் கேட்பேன். எந்த இடத்தில் நிறுத்தினால் இனி ஒன்றும் வர வேண்டியதில்லை என்று மனசு சும்மா இருக்கிறதோ, அதுதான் பாட்டின் வீடு. முதலில் அதை முனகிப் பிடித்துக்கொண்டு, எந்தக் கட்டையில் அது இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பேன். வீடு கிடைத்த பிறகு, பாட்டு அங்கிருந்து எந்தெந்தக் கட்டையில் மிதித்து நடக்கிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று பார்ப்பேன். முதல் தடவை தப்பாக வரும். நாலைந்து தடவை கேட்டால் பாட்டு தன்னாலே சொல்லிவிடும். நமது குழுவில் சுருதியைக் கட்டைக் கணக்கில்தானே சொல்வோம். வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும். நடுவில் இருக்கும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை. அந்தக் கணக்கையும் மூலையில் உட்கார்ந்து கேட்டுத்தான் படித்தேன்.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டயர் கடைக்கு மேலே இருந்த அறையில். மறந்திருக்க மாட்டீர்கள். கீழேயிருந்து ரப்பர் வாசனை வரும், மேலே தகரக் கூரை கொதிக்கும், பாக்கெட்டில் கட்டிய ரோஸ் சீராப்பை உறிஞ்சிக்கொண்டு எல்லாரும் வியர்த்து வழிவோம். மாஸ்டர் கீபோட் முன்னால் உட்கார்ந்தால் சட்டைக் காலரில் கைக்குட்டை மடித்து வைத்திருப்பார். கிள்ளானிலேயே கீபோட் வைத்திருந்த முதல் தமிழன் அவர்தான் என்று அவரே சொல்வார். யார் மறுத்துப் பேசுவது?

அந்த வருஷம் எல்லார் வாயிலும் ஒரே சினிமாப் பாட்டு. பெண் குரல் தனியாக, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், ஆலாபனையாகத் தொடங்கும். அந்த முனகல் முடிகிற இடத்தில் மொத்த வாத்தியமும் ஒரே அடியாக வந்து விழும். ஊரே பைத்தியமாக இருந்தது. மாஸ்டர் அதை பாசார் சந்தைக்குப் பக்கத்திலிருந்த கேசட் கடையில் பதிந்து வாங்கி வந்தார். பாட்டுப் பெயரைச் சொன்னால் காலி கேசட்டில் பதிந்து தருவார்களே, அந்தக் கடை. அதை விட்டால் அப்போது கிள்ளானில் வேறு கடை ஏது? உங்கள் வீடுகளில் ஓடியதெல்லாம் அங்கே பதிந்த கேசட்தான்.

மாஸ்டர் கேசட்டைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். அப்புறம் முகம் மலர்ந்துவிட்டது.

"நாலரைக் கட்டை. பாருங்க, பாருங்க, முழுப் பாட்டும் கறுப்புலயே வருது! வெள்ளையத் தொடவே வேணாம். மோகனம்னா இப்படித்தான் லா இருக்கணும்!"

மோகன ராகத்துக்கு அஞ்சு சுரம், கீபோட்டில் அஞ்சு கறுப்புக் கட்டை. கை கறுப்பிலேயே ஓடுவதை எல்லாரும் சுற்றி நின்று பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். ஆனால் சரணத்தில் ஒரு இடத்தில் அவர் வாசித்ததும் கேசட்டில் பாடியதும் ஒன்றாக இல்லை. நான் மெலோடிக்காவில் தேடிப் பார்த்துவிட்டு, இடைவேளையில் அவரிடம் போய்ச் சொன்னேன்.

"மாஸ்டர், சரணத்துல ஒரே ஒரு வெள்ளை வருது."

"மோகனத்துல ஏது பாப்பா அந்த சுரம்? போ, போய் தண்ணி குடி."

அடுத்த ஞாயிறு அந்த வெள்ளைக் கட்டையைச் சரியாக அழுத்தி வாசித்தார். கித்தார் அண்ணனிடம், "நேத்து உக்காந்து நல்லாக் கேட்டேன். சரணத்துல ஒரு ஆள் திருட்டுத்தனமா நுழையுறான், யாரும் கவனிக்கல" என்றார். கித்தார் அண்ணன் 'மாஸ்டர் மாஸ்டர்தான்' என்று தலையாட்டினார். எனக்குப் பதினொரு வயது. கோபம் வந்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. நான் சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்துவிட்டதே என்று. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் காது எப்படிப்பட்டது என்று அந்த மனுஷனுக்குத் தெரியும்.

அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பெரிய குரல். கத்துகிற குரல் இல்லை, அறையை நிறைக்கிற குரல். அப்பாவுக்குப் பெண்பிள்ளை மேடை ஏறுவது பிடிக்காது, ஒத்திகையோடு சரி. ஆனால் அவள் பாடினால் சட்டையைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அந்த வருஷம் கிள்ளானில் பாட்டுப் போட்டி ஒன்று வைத்தார்கள். கோலாலம்பூரிலிருந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் இசைக்குழுவிலிருந்து ஆள் வந்து பார்க்கப் போவதாகப் பேச்சு. அக்கா அம்மா மூலமாகக் கேட்டாள். அப்பா ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு மேடைதான். நல்லாப் பாடிட்டான்னா, பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நானே பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா இதோட விட்டுறணும். சரியா?"

அக்கா சரி என்றாள். அவளுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. போட்டிக்கு அந்தப் பாட்டையே எடுத்தாள், வாசிப்பது நம் குழுதான்.

சங்கடம் எங்கே தொடங்கியது என்றால், எங்கள் வீட்டு ரேடியோவில். ஞாயிறு காலையில் நேயர் விருப்பம். அம்மா சமையல் கட்டில் இருப்பாள், ரேடியோ அலமாரி மேலே. அந்தப் பாட்டு வந்ததும் நான் மெலோடிக்காவை எடுத்துக்கொண்டு ஓடினேன். கூடவே வாசிக்கலாம் என்று நாலரையில் கை வைத்தேன். பல் கூசிப்போனது. ஒன்றுமே ஒட்டவில்லை. விரலை அரைக் கட்டை கீழே நகர்த்தினேன். அப்படியே பொருந்திக்கொண்டது. நாலு கட்டை. முழுப் பாட்டும் வெள்ளையில். சரணத்தில் மட்டும் ஒரே ஒரு கறுப்பு. அடுத்த வாரமும் கேட்டேன், அதற்கடுத்த முறையும். ரேடியோவில் எப்போதும் வெள்ளை, கேசட்டில் எப்போதும் கறுப்பு.

அப்புறம் ஒரு நாள் அக்கா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டே அந்த ஆலாபனையைப் பாடினாள். சும்மா, எந்தச் சுருதியும் இல்லாமல். நான் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து மெதுவாக ஊதிப் பார்த்தேன். வெள்ளை. மறுநாள் கோலம் போடும்போது பாடினாள். வெள்ளை. அவள் பாட்டை ரேடியோவில்தான் முதலில் கேட்டவள். எங்கள் வீட்டில் கேசட் போடும் பெட்டி இல்லை. அவள் காதில் பாட்டு அதன் சொந்தச் சுருதியில் உட்கார்ந்துவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அங்கேதான் தொடங்குவாள்.

ஆனால் ஒத்திகையில் என்ன நடந்தது? மாஸ்டர் நாலரைக் கட்டையை ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகப் பாடிவிடுவாள். அவர் கொடுக்க மறந்தால் தன் பாட்டுக்கு நாலில் தொடங்குவாள். உடனே மாஸ்டர் கையை உயர்த்தி நிறுத்துவார்.

"எறங்குது, எறங்குது! சுருதி எறங்குதும்மா. காதக் கழட்டி வச்சிட்டு வந்தியா?"

நீங்கள் சிரித்தீர்கள். நினைவிருக்கிறதா? அப்போது நாம் எல்லாரும் சின்னப் பிள்ளைகள், மாஸ்டர் சிரித்தால் சிரிப்போம். ஆனால் பெரியவர்களும் சிரித்தார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா என்னைக் கேட்டாள்.

"பாப்பா, நான் நெசமாவே எறங்கிதான் பாடுறேனா?"

"இல்லக்கா. நீ ரேடியோ மாதிரியே பாடுற. கேசட்தான் ஏறியிருக்கு."

"மாஸ்டருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியப்போவுது?"

அப்படித்தான் நம் ஊரில் பெண்பிள்ளைகளை வளர்த்தார்கள். தன் காதில் கேட்பதை நம்பாதே, மாஸ்டர் சொல்வதை நம்பு. அவளும் நம்பினாள். அன்றிலிருந்து துணி துவைக்கும்போது பாடுவதை நிறுத்திவிட்டாள். தப்பாகப் பழகிவிடுமாம்.

அடுத்த ஞாயிறு நான் மாஸ்டர் முன்னால் போய் நின்றேன். எல்லாரும் இருந்தீர்கள்.

"மாஸ்டர், ரேடியோவுல இந்தப் பாட்டு நாலு கட்டையிலதான் வருது. கேசட்லதான் அரைக் கட்டை ஏறியிருக்கு. அக்கா பாடுறது சரிதான்."

மாஸ்டர் சிரித்தார்.

"ரேடியோவுல பேட்டரி வீக்கா இருக்கும் லா, பாப்பா. பேட்டரி வீக்கானா சுருதி எறங்கத்தான் செய்யும்."

"பேட்டரி வீக்கானா கேசட் பெட்டிதான் இழுக்கும், மாஸ்டர். ரேடியோ இழுக்காது, சத்தம்தான் கொறையும். அதோட எங்க வீட்டு ரேடியோ கரண்ட்ல ஓடுது."

தபேலா அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் சிரித்திருக்கக் கூடாது. மாஸ்டர் முகம் மாறிவிட்டது. இப்போது யோசித்தால் தெரிகிறது, அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அவர் சரணத்து வெள்ளைக் கட்டையை எடுத்துக்கொண்டது போல இதையும் எடுத்துக்கொண்டிருப்பார். அடுத்த வாரம் 'உக்காந்து கேட்டேன்' என்று சொல்லி, விரலை அரைக் கட்டை நகர்த்தியிருப்பார். பெயர் அவருக்கே போயிருக்கட்டும், எனக்கு வேண்டியதே இல்லை. ஆனால் கூட்டத்தில் வைத்துச் சொல்லிவிட்டேன். பதினொரு வயதுப் பெண் கூட்டத்தில் வைத்துச் சரியாகச் சொன்னதை எந்த மாஸ்டர் மன்னிப்பார்?

அன்று சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வந்து நாற்காலி போட்டார். "பெரியவளுக்குத் தெறம இருக்கு, இல்லன்னு சொல்லல. சின்னதுக்கு வாய் ஜாஸ்தி. அது பேசிப் பேசி அவ மனசக் கொழப்புது" என்றார். அப்பா மன்னிப்புக் கேட்டார். என் மெலோடிக்கா அலமாரி உச்சியில் ஏறியது. ஒத்திகைக்கு நான் வரக்கூடாது என்றாகிவிட்டது. அந்த மெலோடிக்காவை நான் திரும்பத் தொடவே இல்லை. வீடு மாறியபோது எங்கே போனதென்று தெரியவில்லை, யாரும் தேடவும் இல்லை.

கேசட் ஏன் ஏறியது என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அந்தக் கடையில் பதியும் மெஷின் தேய்ந்து மெதுவாக ஓடியிருக்க வேண்டும். மெதுவாகப் பதிந்ததை வீட்டில் இருக்கும் நல்ல பெட்டியில் போட்டால் வேகமாக ஓடும். வேகமாக ஓடினால் சுருதி ஏறும். ஒரு ஊருக்கே ஒரு கடை. கிள்ளானில் இருந்த அத்தனை பேர் காதும் சேர்ந்து அரைக் கட்டை ஏறிவிட்டது, ஒருவருக்கும் தெரியவில்லை. அதுகூடப் பரவாயில்லை. தெரியாமல் போவதில் பாவம் ஒன்றும் இல்லை. தெரிந்து வந்து சொன்ன பிள்ளையை வாயை மூடு என்றீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

போட்டி நாள். அக்கா நீலச் சேலை, அம்மாவுடையது. அப்பா துறைமுகத்து நண்பர்களை அழைத்து வந்து முன்வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்திருந்தார். அவர் வகிடு எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிரிக்ஃபீல்ட்ஸ் ஆளும் வந்திருந்தார், வெள்ளைச் சட்டை போட்டவர் என்று அம்மா கையைக் காட்டினாள்.

அந்தக் காலத்துப் போட்டி விதி உங்களுக்குத் தெரியும். 'ஒரிஜினல் சுருதியில்' பாட வேண்டும். இறக்கிப் பாடினால் மார்க் வெட்டுவார்கள், அது ஏமாற்று. ஒரிஜினல் என்பது கேசட். நடுவராக வந்தவரும் கிள்ளான்காரர்தான், அவர் வீட்டுக் கேசட்டும் அதே கடைதான்.

நான் மேடைப் பக்கம் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்தேன்.

"அக்கா, மாஸ்டர்கிட்ட சுருதி கேட்டு வாங்கிக்க. அவர் தட்டாம ஆரம்பிச்சிடாத."

அவள் போய்க் கேட்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன், என் காதால் கேட்டேன்.

"மாஸ்டர், ஆரம்பிக்க முன்னால ஒரு தட்டு தட்டிக் குடுத்துடுங்க."

"கேசட்ல யாராச்சும் சுருதி குடுத்துட்டா ஆரம்பிக்கிறாங்க? கேவலமா இருக்கும் லா. இத்தன நாள் பாடிட்டு இன்னும் என்னம்மா பயம்?"

அவ்வளவுதான். ஒரு விரல், ஒரு தட்டு. அதைக் கொடுக்க அவருக்குக் கேவலமாக இருந்தது.

அக்கா மைக்கைப் பிடித்தாள். மண்டபம் அடங்கியது. ஆலாபனையைத் தொடங்கினாள். முதல் சுரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நாலு. வெள்ளை. ஆனால் என்ன பாட்டு அது! சைக்கிள் ஸ்டாண்டில் நின்றிருந்தவர்கள் உள்ளே வந்து நின்றார்கள். அப்பா பக்கத்தில் இருந்தவர் அப்பாவின் தொடையைத் தட்டினார். நான் மாஸ்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் செவிடு இல்லை. கறுப்பு மேலே விரலை விரித்து வைத்திருந்தார். கீழே நகர்த்துங்கள், நகர்த்துங்கள் என்று எனக்குள்ளே கத்திக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் அவர் கையைப் பார்த்துத்தானே வாசிப்பார்கள்.

அவர் நகர்த்தவில்லை. ஆலாபனை முடிந்த இடத்தில் மொத்தக் குழுவும் நாலரையில் வந்து விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் என்னவென்று சொல்வது? அக்கா திடுக்கிட்டு நிறுத்தினாள். மேலே ஏறப் பார்த்தாள். பாதியில் எங்கேயோ நின்றுவிட்டாள். பின்னாலிருந்து ஒருவன் விசில் அடித்தான். அப்புறம் சிரிப்பு. மாஸ்டர் வாசிப்பதை நிறுத்தவே இல்லை. வாசித்துக்கொண்டே நடுவர் பக்கம் திரும்பி, உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். 'நான் என்ன செய்யட்டும், பாத்தீங்க இல்ல' என்பதுபோல. எனக்கு எத்தனையோ விஷயம் மறந்துவிட்டது. கல்யாண நாள் மறந்துவிடுகிறது, மாத்திரை மறந்துவிடுகிறது. அந்தத் தலையாட்டல் மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

நடுவர் மைக்கில் சொன்னார்: "குரல் நல்ல குரல். சுருதி ஞானம்தான் இல்ல. ஒரிஜினலை நல்லாக் கேட்டுப் பழகணும்." மண்டபத்தில் ஒரிஜினலைக் கேட்டுப் பழகியிருந்தவள் அவள் ஒருத்திதான். வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து போயிருந்தார்.

பஸ்ஸில் அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் கை வைத்து, "ஒனக்கு சுருதி நிக்கலம்மா. பரவால்ல. எல்லாருக்குமா நிக்குது?" என்றார். அவ்வளவு அன்பாக ஒரு ஆளை யாரும் கொன்றதில்லை. நான் சீட்டில் ஏறி நின்று, "அக்கா பாடினதுதான் சரி! அவங்கதான் தப்பு! எல்லாரும் தப்பு!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அப்பா என்னை அறைந்தார். என்னை அவர் அடித்ததும் அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் அக்காவுக்கு மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அப்புறம் கல்யாணம், ஜெஞ்சாரோமில் குடித்தனம். நல்ல மனுஷன், நல்ல பிள்ளைகள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளைகளைத் தூங்க வைக்கக்கூட அவள் பாடியதில்லை. முதுகில் தட்டுவாள், அவ்வளவுதான். கோயிலில் பஜனை நடந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைத்தாளம் மட்டும் போடுவாள். வாய் அசையாது. "சித்தி, அம்மாவுக்குப் பாடவே வராதா?" என்று அவள் மகள் என்னிடம் கேட்டிருக்கிறாள். நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பாட்டை நானும் கேட்பதில்லை. ரேடியோவில் வந்தால் அணைத்துவிடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓடியது. போன மாதம் நீங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ போட்டீர்கள். விழாவில் மாஸ்டர் அந்தப் பாட்டை வாசிக்கப் போகிறாராம், பழகிக்கொண்டிருக்கிறாராம். விரல் நடுங்குகிறது, தலை நரைத்துவிட்டது. விரல் கறுப்பிலேயே ஓடுகிறது. இன்னும் நாலரை!

எனக்கு ரத்தம் கொதித்தது. ஃபோனில், பாட்டு வந்த சினிமாவை எடுத்தவர்களே ஏற்றி வைத்திருக்கும் பதிவைத் தேடி எடுத்தேன். பேத்தி விளையாடும் பியானோவை அதே ஃபோனில் திறந்தேன். இதற்கு உங்கள் யார் உதவியும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. நாலு. எல்லாம் வெள்ளை. சரணத்தில் ஒரே ஒரு கறுப்பு.

மாஸ்டருக்கே ஃபோன் போட்டேன். நம்பர் வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறதே.

"ஓ, அந்த வாயாடிப் பாப்பாவா! எப்படிம்மா இருக்கே?"

எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சிரித்தார்.

"அந்தக் காலத்துல கேசட்தான் லா நமக்கு வேதம். அரைக் கட்டைதானே பாப்பா. அதப் போயி இத்தன வருஷமாத் தூக்கிட்டு அலையுறியா?"

"எங்க அக்கா அன்னிக்கே சரியாப் பாடினா, மாஸ்டர்."

பிறகு, மரியாதையாகத்தான் கேட்டார்:

"ஒங்க அக்காவும் பாடுவாங்களா?"

நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

மறுநாள் ஜெஞ்சாரோம் போனேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஃபோனை அவள் முன்னால் வைத்துப் பாட்டைப் போட்டேன். முதலில் கையை நீட்டி அணைக்கப் பார்த்தாள். நான் பிடித்துக்கொண்டேன். ஆலாபனை ஓடியது. அவள் கை கீரையிலேயே நின்றுவிட்டது. வாத்தியம் வந்து விழுகிற இடத்துக்கு முன்னாலேயே அணைத்தாள். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள். மறுபடியும் அதே இடத்தில் அணைத்தாள்.

"இது நம்ம ரேடியோல வந்தது இல்ல?"

"ஆமாக்கா. இதுதான் ஒரிஜினல். நீ தொடங்கின எடம் இதுதான்."

"அப்ப நான் எறங்கல."

"நீ எறங்கல. அவங்கதான் ஏறியிருந்தாங்க."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். பாடுவாள் என்றுகூட ஒரு ஓரத்தில் ஆசைப்பட்டேன். இரண்டும் நடக்கவில்லை. கீரைத் தண்டுகளை ஒன்றுசேர்த்துத் தட்டில் வைத்தாள். சுவரில் அப்பாவின் படம் இருந்தது, பொட்டு வைத்து, பிளாஸ்டிக் மாலை போட்டு. அவர் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட நர்ஸிடம், 'பெரியவளுக்கு நல்ல குரல், சுருதிதான் நிக்காது' என்று பெருமையும் வருத்தமுமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

அக்கா அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அப்பாகிட்ட யாருடி சொல்றது?"

மாஸ்டரைப் பொன்னாடை போர்த்தி மேடையில் உட்கார வைக்கப் போகிறீர்கள் அல்லவா? அதை அவரைக் கேளுங்கள்.